சரக்கு வரும் வழி

கடைசித் திருகாணி வரை எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள் தேறும். அந்தக் காரைத் தன் பெயரில் விற்கும் நிறுவனம் அவற்றில் கொஞ்சத்தைத்தான் தானே செய்கிறது. மீதியெல்லாம் வெளியிலிருந்து வருகிறது. பிரேக் ஒரு நிறுவனத்தில் தயாராகும். அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் இன்னொரு பட்டறையில். ஸ்பிரிங்குக்கான கம்பி எங்கோ ஓர் உருக்காலையில். கச்சாப்பொருளில் தொடங்கி வாடிக்கையாளர் கைக்குப் பொருள் போய்ச் சேரும் வரையிலான இந்த முழு வழிக்குத்தான் விநியோகச் சங்கிலி என்று பெயர். 29,999 பாகங்கள் வந்து ஒன்று மட்டும் வராவிட்டாலும் வண்டி ஆலையின் வாசலைத் தாண்டாது. தொழில் நடத்துகிறவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் கணக்குதான்.

இந்தக் கவலை எப்போதும் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. முன்பு ஆலைகள் குடோன் நிறையச் சரக்கு வைத்திருந்தன. ஒரு லாரி வராவிட்டால் உள்ளே இருப்பதை எடுத்து ஓட்டிவிடலாம். ஆனால் இருப்புச் சரக்கு என்பது முடங்கிக் கிடக்கும் பணம். அதற்கு வட்டி உண்டு, குடோன் வாடகை உண்டு, பழசாகிப் போகும் நட்டமும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதலுக்கே திண்டாடிய ஜப்பானில், டொயோட்டா நிறுவனத்தின் தாயிச்சி ஓனோ இதற்கு ஒரு வழி கண்டார். எந்தப் பாகம், எத்தனை, எப்போது தேவையோ, அப்போது அத்தனை மட்டும் வந்தால் போதும் என்பது அவருடைய முறை. ‘ஜஸ்ட் இன் டைம்’ என்ற பெயரில் 1980-களுக்குப் பிறகு உலகமே அதைக் கைக்கொண்டது. கூடவே, ஒரு பாகத்தை நாலு இடத்தில் வாங்காமல் ஒரே இடத்தில் மொத்தமாக வாங்குவதும் பழக்கமானது. விலை குறையும், தரம் ஒரே சீராக இருக்கும். இரண்டும் நல்ல முடிவுகளே. ஆனால் இரண்டும் சேரும்போது, ஏதாவது தவறினால் சமாளிக்க இருந்த அவகாசம் காணாமல் போகிறது.

அந்த அவகாசம் எவ்வளவு குறுகியது என்பதை 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி அதிகாலையில் ஜப்பானின் கரியா நகரில் பிடித்த தீ காட்டியது. எரிந்தது ஐசின் செய்கி நிறுவனத்தின் ஆலை. அங்கே ‘பி-வால்வு’ என்ற சிறிய உலோகப் பாகம் தயாரானது. உள்ளங்கையில் அடங்கும், விலையும் பெரிதல்ல. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின்சக்கரங்களில் பாரம் குறைகிறது. அந்த நேரத்தில் பின்பக்கமும் அதே விசையில் பிரேக் பிடித்தால் சக்கரம் சுழலாமல் இறுகி, வண்டி வழுக்கிவிடும். பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுப்பது இந்த வால்வின் வேலை. டொயோட்டாவுக்கு வேண்டிய பி-வால்வுகள் ஏறக்குறைய அத்தனையும் இந்த ஓர் ஆலையிலிருந்தே வந்தன. ஒரு நாளைக்கு 32,000-க்கும் மேல். டொயோட்டாவின் கையில் இருந்ததோ இரண்டு மூன்று நாள் இருப்புக்கு மேல் இல்லை.

வால்வுக்குள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றைத் துளைக்கத் தனியாகச் செய்த டிரில்களும், பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஜிக்குகளும் வேண்டும். அதற்கென்றே அமைந்த நூற்றுக்கணக்கான எந்திரங்கள் தீயில் பாழாயின. சில நாட்களில் டொயோட்டாவின் உற்பத்தி வரிசைகள் அடுத்தடுத்து நின்றன. புது எந்திரங்கள் வந்து சேர மாதங்கள் ஆகும் என்ற நிலையில், பலரும் பல வார முடக்கத்தை எதிர்பார்த்தார்கள்.

நடந்தது வேறு. எரிந்த அன்றைக்கே ஐசின் தன் வால்வு வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பத் தொடங்கியது. அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வால்வு செய்ய முன்வந்தன. கருவி, ஜிக், மூலப்பொருள் என்று உதவியவர்களையும் சேர்த்தால் சுமார் 200 நிறுவனங்கள். அவற்றில் பெரும்பாலானவை அதற்கு முன் பி-வால்வு செய்ததே இல்லை. தையல் மெஷின்களுக்குப் பேர்போன பிரதர் நிறுவனம்கூட இறங்கியது. யாரிடமும் ஐசினிடம் இருந்ததுபோன்ற எந்திரம் இல்லை. ஒவ்வொருவரும் தங்களிடம் இருந்த பொதுவான எந்திரத்தில் அந்தத் துளைகளை எப்படிப் போடுவது என்று தாங்களே வழி கண்டுபிடித்தார்கள். விலை என்ன, யார் பணம் தருவார்கள், வரைபடம் யாருடைய சொத்து என்ற பேச்சு அப்போது எழவில்லை. தரம் தேறிய முதல் ஆயிரம் வால்வுகள் நான்கு நாட்கள் முடிவதற்குள் வந்தன. அனுப்பியது பெரிய நிறுவனம் அல்ல, கியோரிட்சு சாங்யோ என்ற சிறிய சப்ளையர். ஒரு வாரம் ஆவதற்குள் டொயோட்டாவின் ஆலைகள் பெரும்பாலும் ஓடத் தொடங்கின. பின்னால் ஐசின் நேரடிச் செலவுகளை ஏற்றுக்கொண்டது. டொயோட்டா தன் முதல்நிலை சப்ளையர்களுக்குக் கணிசமான தொகையை நன்றியாக வழங்கியது.

இந்தச் சம்பவத்தை நிர்வாகவியல் நூல்கள் இன்றும் பேசுகின்றன. ஒரே இடத்தை நம்பியது தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட ஆழமான செய்தி, மீட்டெடுத்தது எது என்பதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியிராத ஒரு வேலையைப் பல ஆண்டுப் பழக்கம் செய்துகொடுத்தது. அந்தச் சப்ளையர்கள் டொயோட்டாவின் பொறியாளர்களோடு சேர்ந்து வேலை செய்தவர்கள். சிக்கலைப் பிரித்துப் பார்க்கும் ஒரே முறையில் பழகியவர்கள். பணம் பிறகு வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து நடந்த இன்னொரு தீ, செய்தி போகும் வேகம் என்ன செய்யும் என்பதைக் காட்டியது. 2000 மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மின்கம்பியில் இடி விழுந்து, ஆல்பகர்க்கி நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் சிறிய தீ மூண்டது. பத்து நிமிடத்துக்குள் அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் செய்யும் அறை, அறுவைச் சிகிச்சை அறையைவிடப் பன்மடங்கு சுத்தமாக இருக்க வேண்டிய இடம். புகையும் தண்ணீரும் ஊழியர்களின் காலடித் தூசியும் பட்டதில், எரியாத சிப்களும் வீணாயின. அந்த ஆலையின் சரக்கில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை வாங்கியவை இரண்டு செல்போன் நிறுவனங்கள்: பின்லாந்தின் நோக்கியா, சுவீடனின் எரிக்சன். திங்கட்கிழமை இருவருக்கும் ஒரே தகவல் போனது. ஒரு வாரம் தாமதம் ஆகலாம்.

நோக்கியாவில் கொள்முதல் பிரிவினர் அந்தத் தகவலை உடனே மேலே சொன்னார்கள். அந்தப் பாகங்கள் தனிக் கண்காணிப்புக்குப் போயின. வாரம் ஒருமுறை விசாரிப்பது தினசரி விசாரிப்பானது. சேதம் பெரிது, மாதக்கணக்கில் சிப் வராது என்று தெரியவந்தபோது அங்கே ஏற்கெனவே ஓர் அணி தயாராக இருந்தது. பிலிப்ஸின் தலைமையிடமே நேரடியாகப் பேசி, அதன் மற்ற ஆலைகளில் தனக்காக இடம் பிடித்தது. சில சிப்களின் வடிவமைப்பையே மாற்றி, வேறு நிறுவனங்களிடம் செய்து வாங்கியது. எரிக்சனில் அதே தகவல் கீழ்மட்டத்திலேயே தங்கிவிட்டது. உயர் நிர்வாகிகளுக்கு விஷயத்தின் கனம் உறைத்தபோது மற்ற ஆலைகளில் இடமில்லை. செலவைக் குறைப்பதற்காக மாற்றுச் சப்ளையர்களை அது முன்பே கைவிட்டிருந்தது. குறைந்தது 40 கோடி டாலர் விற்பனை அதன் கையை விட்டுப் போனது. 2001-இல் எரிக்சன் தன் செல்போன் தொழிலை சோனியுடன் கூட்டு நிறுவனமாக்கிக்கொண்டது. அதற்கு இந்தத் தீ ஒன்றே காரணம் அல்ல. மற்ற பலவீனங்களும் இருந்தன. ஆனாலும் ஒரே இடி, ஒரே ஆலை, ஒரே தகவல் இரண்டு நிறுவனங்களில் இரண்டு விதமாக முடிந்ததற்குக் காரணம் தெளிவு. கெட்ட செய்தி கொண்டுவருகிறவர் நோக்கியாவில் தயங்க வேண்டியிருக்கவில்லை.

இந்த இரண்டிலும் பாதிக்கப்பட்ட ஆலை எது என்பதாவது வாங்குகிறவருக்குத் தெரிந்திருந்தது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்கைத் தாக்கிய நிலநடுக்கமும் சுனாமியும், பெரிய நிறுவனங்களுக்கே தங்கள் சங்கிலியின் அடிப்பகுதி தெரியாது என்பதை வெளிக்கொண்டுவந்தன. டொயோட்டாவுக்குத் தன் நேரடிச் சப்ளையர்களைத் தெரியும். அவர்கள் யாரிடம் வாங்குகிறார்கள், அந்த ஆள் யாரிடம் வாங்குகிறார் என்பது தெரியாது. கீழே போகப் போகச் சப்ளையர்கள் பெருகி, பிரமிடுபோல் விரிந்திருப்பார்கள், ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று நினைத்திருந்தார்கள். பல பாகங்களில் உண்மை நேர்மாறாக இருந்தது. மேலே மூன்று நிறுவனங்களாகத் தெரிந்தது, இரண்டு படி கீழே ஒரே ஆலையில் போய் முடிந்தது. கார்களில் பயன்படும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்களில் பெரும்பங்கைச் செய்துவந்த ரெனசாஸ் நிறுவனத்தின் நாக்கா ஆலை அப்படிப்பட்டது. அது நின்றதும் பல நாடுகளின் கார் ஆலைகள் தடுமாறின. போட்டி நிறுவனங்களே தங்கள் ஆட்களை அனுப்பின; சில நாட்களில் 2,500 பேர் வரை அங்கே சீரமைப்பு வேலை செய்தார்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

சிப் மட்டுமல்ல, வண்ணமும் நின்றது. காரின் பெயின்டில் மினுமினுப்புத் தரும் ‘ஸிராலிக்’ என்ற நிறமியை உலகத்திலேயே ஒரே ஓர் ஆலைதான் தயாரித்தது. ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்துக்குச் சொந்தமான அந்த ஆலை, ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துக்குத் தெற்கே ஒனஹாமாவில் இருந்தது. அது மூடியதும் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் ஒரு வகைக் கறுப்பிலும் சில சிவப்புகளிலும் வண்டி ஆர்டர் எடுப்பதைக் குறைத்துக்கொண்டது. ஒரு காரின் விலையில் இந்தப் பொடியின் பங்கு மிகச் சொற்பம். எந்த நிர்வாகியின் கவனத்துக்கும் அது வந்திருக்காது.

அதன் பிறகு டொயோட்டா, எந்தப் பாகம் எத்தனை படி கீழே எந்த ஊரில் தயாராகிறது என்ற விவரத்தைச் சேகரிக்கத் தொடங்கியது. தன் சப்ளையர் யாரிடம் வாங்குகிறார் என்பது வியாபார ரகசியம். அதைக் கேட்டுப் பெறுவது சுலபமல்ல. ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்த வேலை அது. மாற்று இல்லாத பாகங்களுக்கு, சிப் உட்பட, இரண்டு முதல் ஆறு மாதம் வரை இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் கேட்டது. இருப்பே கூடாது என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த நிறுவனம், இருப்பு எங்கே வேண்டும் என்று தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டது.

2020-21-இல் அது பலித்தது. கொரோனா ஊரடங்கில் கார் விற்பனை சரிந்ததும் பெரும்பாலான கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து படிப்பு என்று லேப்டாப் விற்பனை ஏறியதால் சிப் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. சில மாதத்திலேயே கார் விற்பனை மீண்டது. ஆனால் ஒரு சிப் உருவாகி வெளிவர மூன்று நான்கு மாதம் பிடிக்கும். வரிசையிலும் கடைசியில்தான் நிற்க வேண்டும். இந்தியாவிலும் கார் பதிவு செய்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். டொயோட்டா பல மாதங்கள் தாக்குப்பிடித்தது. ஆனால் தென்கிழக்கு ஆசியாவில் தொற்று பரவி அங்கிருந்த உதிரிபாக ஆலைகள் மூடியபோது, அதுவும் 2021 செப்டம்பர் மாத உற்பத்தித் திட்டத்தை 40 விழுக்காடு குறைத்தது. இருப்பு என்பது அவகாசம் வாங்கித் தருமே தவிர, ஆபத்தை நீக்கிவிடாது.

ஆர்டர் குறைவதும் கூடுவதும் சங்கிலியில் கடையிலிருந்து ஆலையை நோக்கிப் போகப் போகப் பெரிதாகிறது என்பது பழைய கண்டுபிடிப்பு. கடையில் வாரம் 100 டப்பா விற்றது 110 ஆனால், கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று 120 கேட்பார். 120-ஐப் பார்த்த மொத்த வியாபாரி 140 கேட்பார். ஆலைக்குப் போய்ச் சேரும்போது அது 180 ஆகியிருக்கும். அடுத்த மாதம் கடையில் பழையபடி 100 விற்றால், வழியெங்கும் சரக்கு தேங்கி, ஆலைக்கு ஆர்டரே வராது. சாட்டையின் பிடியில் சிறு அசைவு நுனியில் பெரிய வீச்சாவதால் இதைச் சாட்டை வீச்சு என்கிறார்கள். புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் குழந்தைகளுக்கான டயாபர் விற்பனையில் இதைக் கவனித்தது. குழந்தைகளின் தேவையில் ஏற்ற இறக்கம் கிடையாது. ஆனால் ஆலைக்கு வந்த ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. மருந்து எளிது: கடையில் உண்மையில் எவ்வளவு விற்றது என்ற கணக்கை, ஆலை வரை எல்லோரும் அன்றாடம் பார்க்க வேண்டும். எளிதாகத் தோன்றினாலும் நடப்பதில்லை. கணக்கைக் காட்ட யாருக்கும் மனம் வருவதில்லை.

எல்லா ஆபத்தும் இடிபோல் திடீரென்று விழுவதில்லை. சில நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருகின்றன. திருப்பூர் பனியன் தொழிலில் நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் என்று ஒவ்வொரு வேலையும் தனித்தனி ஆட்களிடம் இருக்கிறது. நூல் வேறிடத்திலிருந்து வரலாம், தையலுக்கு ஆயிரம் கம்பெனிகள் உண்டு. ஆனால் அத்தனை துணியும் சாயப்பட்டறை வழியாகத்தான் போயாக வேண்டும். சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ நிபந்தனையை 2006-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் விதித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிபந்தனை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரேயடியாக நின்றன. துணியை வெளியூர்களுக்கு லாரியில் அனுப்பிச் சாயம் போட்டு, திரும்பக் கொண்டுவந்து தைக்க வேண்டியதாயிற்று. நாளும் செலவும் கூடின, ஷிப்மென்ட் தவறியது. விவசாயிகளின் கோரிக்கை முழுக்க நியாயமானது. தொழில் பக்கம் பார்த்தால், ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே தெரிந்த ஓர் ஆபத்துக்கு ஏற்பாடு செய்யாமல் இருந்ததன் விலை அது. இன்று திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரைச் சுத்தம் செய்து பட்டறைகளுக்கே திருப்பி அனுப்புகின்றன.

இன்னொரு வகை ஆபத்தை நிறுவனம் தானே கொண்டுவருகிறது. அதுதான் மாற்றம். புதுச் சப்ளையர், புது மென்பொருள், புது லாரி நிறுவனம் எல்லாமே முன்னேற்றத்துக்காகச் செய்வது. பிரிட்டனில் கே.எஃப்.சி. உணவகங்களுக்குக் கோழி கொண்டுபோகும் வேலை, 2018 பிப்ரவரி 14 அன்று பிட்வெஸ்ட் நிறுவனத்திடமிருந்து டி.எச்.எல். நிறுவனத்துக்கு மாறியது. பழைய நிறுவனம் பல ஊர்களில் கிடங்கு வைத்திருந்தது. புதிய ஏற்பாட்டில் ரக்பி நகரின் ஒரே கிடங்கிலிருந்து சுமார் 900 உணவகங்களுக்கும் சரக்குப் போக வேண்டும். முதல் நாளே அந்தப் பக்க நெடுஞ்சாலையில் விபத்து, லாரிகள் சிக்கிக்கொண்டன. புதுக் கிடங்கு, புது முறை, பழக்கமில்லாத ஆட்கள், தேங்கிய சரக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. சில நாட்களில் பாதிக்கும் மேற்பட்ட உணவகங்கள் கோழி இல்லாமல் கதவடைத்தன. அடுத்த மாதமே, வடக்குப் பகுதியின் சுமார் 350 உணவகங்களை நிறுவனம் பழையவரிடமே திருப்பிக் கொடுத்தது.

அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் நிறுவனமும் 1999-இல் இதே வழியில் மாட்டியது. மூன்று புதிய மென்பொருள்களை ஒரே நேரத்தில், அதுவும் ஹாலோவீன் பண்டிகை ஆர்டர்கள் குவியும் பருவத்துக்குச் சற்று முன்பு, இயக்கத் தொடங்கியது. கிடங்கில் சாக்லேட் இருந்தது, கடையில் வாங்க ஆள் இருந்தார்கள். நடுவே ஆர்டர் போய்ச் சேரவில்லை. இதில் தொழில்நுட்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் நாற்பது கடைகளில் ஓட்டிப் பார்த்து, பழைய முறையையும் சில வாரம் கூடவே வைத்திருந்து, விற்பனை மந்தமான மாதத்தில் மாற்றியிருந்தால் இரண்டு நிறுவனங்களின் சிக்கலும் சிறிய அளவிலேயே தெரிந்திருக்கும். செலவு கூடும்தான், அந்தச் செலவை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மாற்றத்தின் லாபக் கணக்கைப் போட்டவர்களாகவே இருக்கிறார்கள்.

ஆபத்தை அளப்பதற்கு நெடுங்காலம் பயன்பட்ட முறை, எது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஊகிப்பது. நிலநடுக்கத்துக்கும் தொற்றுநோய்க்கும் அந்த ஊகம் உதவாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவி, ஃபோர்டு நிறுவனத்துடன் சேர்ந்து கேள்வியையே மாற்றினார். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், இந்த ஆலை நின்றால் மீண்டும் ஓட எத்தனை வாரம் ஆகும்? அதுவரை கையில் உள்ள சரக்கையும் மாற்று வழியையும் வைத்து எத்தனை வாரம் தாங்கலாம்? மீளும் காலம் தாங்கும் காலத்தைவிட அதிகமாக உள்ள இடமெல்லாம் ஓட்டை. இப்படிக் கணக்குப் போட்டபோது, அதிகப் பணம் கொடுத்து வாங்கும் பாகங்களைவிட, விலை குறைந்த சாதாரணப் பாகங்களைச் செய்யும் சில இடங்களில் பெரிய ஆபத்து ஒளிந்திருப்பது தெரியவந்தது. விலையுயர்ந்த பாகத்தை எல்லோரும் ஏற்கெனவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கணக்குக்குப் பெரிய கணினி வேண்டியதில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையும் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்க்கலாம்.

ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகு செய்யக்கூடியவை சிலவே. மலிவான, கெட்டுப்போகாத பாகமென்றால் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. விலையுயர்ந்ததென்றால் இரண்டாவது சப்ளையர் வேண்டும். அவருக்குச் சும்மா பெயர் மட்டும் கொடுத்து வைக்காமல் ஆர்டரில் கொஞ்சமாவது எப்போதும் தர வேண்டும், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் அவருடைய எந்திரம் வேறு வேலையில் இருக்கும். இருவரும் ஒரே ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் இருவரையும் சேர்த்தே அடிக்கும். 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கி உலகமெங்கும் விலை ஏறியது அப்படித்தான். வடிவமைப்பிலேயே, எங்கும் கிடைக்கும் பொதுப் பாகத்தைப் பயன்படுத்துவது இவை எல்லாவற்றையும்விட மலிவான காப்பு. காப்பீடு பணத்தை ஈடுகட்டும். போட்டி நிறுவனத்திடம் போய்விட்ட வாடிக்கையாளரை அது திருப்பித் தராது.

கடைசியாக ஒரு வழி இருக்கிறது. பலரும் கையாள்வது, நியாயமில்லாதது. ஆபத்தைத் தனக்குக் கீழே இருப்பவர் தலையில் தள்ளிவிடுவதுதான் அது. 2020 மார்ச்சில் மேலைநாட்டுக் கடைகள் மூடியபோது, வங்கதேச ஆடை ஆலைகளுக்குத் தந்திருந்த 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தாயின, அல்லது நிறுத்திவைக்கப்பட்டன என்று அந்நாட்டு ஆடை ஏற்றுமதியாளர் சங்கம் கணக்குச் சொன்னது. துணி வாங்கி, வெட்டி, தைத்து, பெட்டியில் கட்டிய சரக்கும் அதில் இருந்தது. நூலுக்கும் துணிக்கும் முதல் போட்டவர் ஆலைக்காரர். சரக்கு கப்பலேறிய பிறகுதான் அவருக்குப் பணம். பையர் கைவிரித்ததும் கூலி நின்றது தையல் மெஷினுக்கு முன் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு. செய்து முடித்த சரக்குக்காவது முழுப்பணம் தருவதாகச் சில பெரிய நிறுவனங்கள் அடுத்த சில வாரங்களில் அறிவித்தன. மற்றவர்களின் சரக்கு பெட்டியோடு குடோன்களில் கிடந்தது.